படிவத்தில் ஒரு கட்டம்

கனடாவில் ஏதோ விதி மாறியதாம்.
அதனால்தான் இது என் கைக்கு வந்தது:
நிமலேசன் அனுப்பிய பழைய றிமோட்,
எழுபத்திரண்டு மெகாஹேர்ட்ஸ்,
இழுத்து நீட்டினால் என் உயரத்துக்கு ஏரியல்,
தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து இரண்டு கிறிஸ்டல்.
"இங்க ஒருத்தரும் வாங்கினமில்லை மச்சான்,
நீ பறக்க விடு."

வட்டக்கச்சியில்
சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்.
மீன் வந்த றெஜிபோம் பெட்டியை அறுத்துச் செய்த சிறகில்
இன்னும் சூடைமீன் மணம்.
இரண்டு தரம் வரம்பில் மோதி மூக்குடைந்தது.
மூன்றாம் தரம்
பனைகளுக்கு மேலால் போய்,
வாய்க்காலைத் தாண்டி,
சொன்ன சொல் கேட்டுத் திரும்பி வந்தது.
அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

எட்டுப் பற்றறி தின்னும் அந்த றிமோட்.
ஒரு காலம் இங்கே ஒரு பென்ரோச் பற்றறிக்கே தடை.
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு
மிதியைக் கையால் சுற்றி
டைனமோவில் செய்தி கேட்ட ஊர் இது.

நானாகத்தான் எழுதிக் கேட்டேன்.
இந்தப் பக்கத்தில் வானத்துக்கு எதை அனுப்பினாலும்
முதலில் கேட்டுவிடுவது நல்லது.
பதில் வந்தது. தலைப்பு மூன்று மொழியில்,
உள்ளே ஒரே மொழி.
தபால்கந்தோர் சுதர்சினி வாசித்துச் சொன்னாள்:
"இந்த அலைவரிசை உங்களுக்கு இல்லையாம்."

சரி, புதுசு ஒன்று எடுப்பித்தேன்.
இரண்டு புள்ளி நாலு.
ஏரியல் என் சுட்டுவிரல் அளவு, கிறிஸ்டல் கிடையாது.
ஆயிரம் பேர் கதைக்கும் இடத்திலும்
தனக்கொரு இடைவெளியைத் தானே தேடிக்கொள்ளுமாம்.
ஆனால் சுங்கத்தில் அதற்கு இடைவெளி கிடைக்கவில்லை.
வகை அங்கீகாரம் வேண்டும் என்றார்கள்.
நாலு மாதம்.
அது வந்து சேர்வதற்குள் விதி இன்னொருமுறை மாறி,
இப்போது கேள்வி நிறையைப் பற்றி.

கெங்காதரன் கடைத் தராசில்
மைசூர்ப் பருப்பை இறக்கிவிட்டு விமானத்தை ஏற்றினோம்.
முன்னூற்றுப் பத்துக் கிராம்.
சில்லைக் கழற்றினேன். வர்ணத்தைச் சுரண்டினேன்.
ஓட்டியின் இருக்கையில் ஒட்டியிருந்த
பிளாஸ்ரிக் மனிதனையும் கழற்றினேன்.
"அவன் நாலு கிராம்தான், இருக்கட்டும்" என்றான் கெங்காதரன்.
இருந்தும் பதியத்தான் வேண்டியிருந்தது.

படிவம். நோக்கம் என்று ஒரு வரிசை:
விவசாயம், நில அளவை, ஒளிப்பதிவு, வேறு.
வேறு என்பதற்குப் பக்கத்தில்
மூன்று விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
"சும்மா" என்று எழுதினேன்.
கந்தோர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"சும்மா எண்டு எழுதேலாது தம்பி.
ஒரு விமானம் சும்மா பறக்குமோ?"

இவ்வளவும் முடிந்து,
ஸ்ரிக்கர் ஒட்டி, இலக்கம் எழுதி,
ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விட்டேன்.
வேலிக்கு அப்பால்
இராசமலரக்கா புடைத்துக்கொண்டிருந்த சுளகு
நிலத்தில் கிடந்தது. அரிசி முழுவதும் சிதறி.
அவ கிணற்றுக்கட்டோடு ஒட்டி, குந்தி,
இரண்டு கையாலும் தலையைப் பொத்தி.
இறக்கிவிட்டு ஓடினேன்.
"வண்டு எண்டு நினைச்சிட்டன்" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.
இருவரும் அரிசி பொறுக்கினோம்.

நான் படித்த ஒரு பத்தியிலும் இது இல்லை.
ஆகவே நானே ஒன்று போட்டேன்:
புளியமரத்துக்கு இந்தப் பக்கம் பறப்பதில்லை.
அவ சந்தைக்குப் போகும் நாளில் மட்டும்.

மாசி கழிய
ஒருநாள் அவவே வயலுக்கு வந்தா.
சட்டையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினா.
றிமோட்டைக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தா.
பறக்க விடவா என்று கேட்க வாயெடுத்தேன்.
"இதில நிப்பாட்டுற சுவிச்சு எது?"

காட்டினேன்.
அழுத்தினா. வயலில் விசிறி நின்றது.
விட்டா, சுழன்றது.
திரும்பவும் அழுத்தினா.
பற்றறி இறங்குமட்டும் அதையே செய்தா,
அங்கீகார இலக்கம் ஒட்டிய ஸ்ரிக்கரை
அவவின் பெருவிரல் மூடியிருந்தது.